மேல் கொம்பு

பீன்யா மரக்கடை ரசீதில் ஆஷ் என்றிருந்தது.
செல்போனைக் கேட்டேன்,
சாம்பல் என்றது.
நாலே முக்கால் கிலோ சாம்பலை
மடியில் வைத்துக்கொண்டு அத்திப்பள்ளி தாண்டி
ஓசூர் வந்தேன், ஜன்னலோர சீட்டில்.
என்னம்மா அது என்றவரிடம்
அதையே சொன்னேன்.
அதன் பின் அவர் பேசவில்லை.

வெட்டியது மத்திகிரியில், கதவு செய்கிற பட்டறையில்.
படத்தை நாலு தடவை திருப்பிவிட்டு
ஜபியுல்லா கேட்டார்,
இதுல எது மேல்பக்கம்?
இரண்டு கொம்பு, நடுவில் ஓர் இடுப்பு.
கூலி எழுநூறு.

எனக்கு வேலை சிப்காட்டில்.
பைக் டேங்குகள் வரிசையாய் வரும்.
ட்யூப்லைட்டின் பிம்பம் மேலே நெளிகிறதா பார்ப்பேன்.
நெளிந்தால் ஆரஞ்சுத்தோல்.
தூசு, கொப்புளம், வழிசல், ஊசிக்கண்,
ஒவ்வொன்றுக்கும் ஒரு குறை எண்.
ஷிப்டுக்கு முந்நூற்றிருபது டேங்க்.
ஒன்றுகூட நான் பூசியதில்லை.

இந்த மரத்துக்கு ரேகை ஆழம்.
நகத்தை ஓட்டினால்
மழைக்குப் பிந்தைய ராயக்கோட்டை ரோடு.
ஈரத்துணியால் துடைத்தால் நார் எழுந்து நிற்கும்,
மார்கழியில் கை மயிர் போல.
காயவிட்டுத் தேய்க்கணும். மறுபடி ஈரம், மறுபடி தேய்ப்பு.
பிறகு கறுப்பு.
ஸ்பிரிட்டில் கரைத்து இண்டு இடுக்கு விடாமல் பூசினேன்.
ஓர் இரவு முழுக்க
தோசைக்கல் மாதிரிக் கிடந்தது.
மறுநாள் இருநூற்றிருபதாம் நம்பர் தாளால்
பூசிய அத்தனை கறுப்பையும் எடுத்தேன்.
எடுக்க எடுக்க வராத கறுப்பு
ரேகைக்குள் நின்றுகொண்டது.
அது போதும். அதற்குத்தான் அத்தனையும்.
அதன் மேல் நீலம்.
மூன்று நாள் தும்மினால் நீலம்.

மொட்டைமாடித் தண்ணீர்த்தொட்டிக்குக் கீழே
கழுத்துக் குழியில் கொக்கி மாட்டித் தொங்கவிட்டேன்.
ஞாயிற்றுக்கிழமை.
துணி காயப்போட வந்த வீட்டுக்கார முனிரத்தினம்மா
தொடையை வித்தாச்சா என்றார்.

லேக்கர் அடித்த அன்று சாரல்.
பால் சிந்தினாற்போல் வெளுத்தது.
ரிடார்டர் கலந்த தின்னரை மேலாகத் தூவ,
உள்ளே போயிருந்த ரேகைகள்
ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன.
எட்டு கோட்.
தண்ணீர்த் தாளால் தேய்க்கும்போது
மேல் கொம்பின் விளிம்பில்
ஓர் இழுப்பு அதிகமாகப் போயிற்று.
லேக்கர் போய், நீலம் போய்
மிளகளவு மரம்.
வேலையில் இது எண் பதினேழு. நேராக ஸ்கிராப்.
நாளைக்குத் தொட்டுவிடலாம் என்று விட்டேன்.

நாளை ஆயுத பூஜை.
கன்வேயருக்கு வாழைக்கன்று கட்டி
ஸ்ப்ரே கன்னுக்குச் சந்தனம் வைத்து
கேட்டில் பூசணிக்காய் உடைத்து
பொரியும் அரைக் கிலோ இனிப்பும் கொடுத்து அனுப்பினார்கள்.
வீட்டுக்கு வந்தால்
மோட்டாருக்குப் பொட்டு, கேஸ் அடுப்புக்குப் பொட்டு,
என் ஸ்கூட்டருக்கு இரண்டு.
மாடிக்கு ஓடினேன்.

அதுவும் உன் ஆயுதம்தானே,
விட்டா கோவிச்சுக்கும் என்கிறார்.
வேறெங்கு வைத்திருந்தாலும் துடைத்திருப்பேன்.
அவர் தேடி வைத்த இடம்
அந்த மிளகு.
குங்குமத்தைத் தண்ணீரில் குழைத்திருந்தார்.
மரம் குடித்துவிட்டது.

ஸ்பிரிட் போட்டேன், இன்னும் உள்ளே போயிற்று.
தேய்த்தால் பெரிதாகும்.
நீலம் வைத்தால் கத்தரிப்பூ.
அரை மணி நேரம் ட்யூப்லைட்டுக்கு அடியில்
திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.
இதற்கு எண் இல்லை.
கோபம் இருந்தது.
இப்போதும் கொஞ்சம் இருக்கிறது.

பல்குச்சி நுனியால் அதன் மேல் ஒரு துளி லேக்கர்.
காய்ந்ததும் இன்னொன்று.
இன்று ஏழாவது.
எப்போ சத்தம் வரும் என்று
கீழேயிருந்து கேட்கிறார்.
பிக்கப் இன்னும் வரவில்லை,
கழுத்து ஜபியுல்லாவிடம் இருக்கிறது.
காற்றில் மெல்லத் திரும்பும்போது
ட்யூப்லைட் உடம்பெல்லாம் நேராக ஓடி
கொம்பருகே
ஒரு முறை நெளிகிறது.